லாரிக்குப் பக்கத்தில் சைக்கிள்: எங்கே நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது

நகரத்துச் சாலையில் சைக்கிளில் போகிறவர்களுக்கு லாரி என்றாலே பின்னால் வருகிற லாரியைப் பற்றித்தான் பயம். முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டதும் தோள் இறுகிவிடும், ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன். இப்போது தினமும் சைக்கிளில் போய்வருகிறேன். அந்த சீட்டிலும் உட்கார்ந்து, இந்த சீட்டிலும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு: நகரத்துக்குள் நீங்கள் முதலில் அஞ்ச வேண்டியது உங்கள் பக்கத்தில் மெதுவாக உருள்கிற லாரிக்கு. அதிலும் சிக்னலில் நின்று, திரும்பத் தயாராக இருக்கிற லாரிக்கு.

பின்னால் வருகிற லாரி டிரைவருக்கு நீங்கள் நூறு மீட்டருக்கு முன்பிருந்தே முன்கண்ணாடியில் தெரிகிறீர்கள். அவர் ஒதுங்கவும் வேகத்தைக் குறைக்கவும் நேரம் இருக்கிறது. பக்கத்தில் வந்துவிட்டால் அந்த நேரமும் போய்விடும், நீங்களும் மறைந்துவிடுவீர்கள். அவர் நல்ல டிரைவராக, நிதானமானவராக இருந்தாலும் இதுதான் நிலைமை. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகிற நாடுகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கனடா, பிரான்ஸ், ஜெர்மனி போல வலப்பக்கம் போகிற நாட்டில் இருப்பவர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் சீட்டிலிருந்து என்ன தெரியும்

பெரிய லாரியின் சீட்டில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேலே இருக்கும். இடது கதவு அவருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அந்தக் கதவின் ஜன்னல் விளிம்பு, சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கும் மேலே. அதனால் கதவை ஒட்டி நிற்கிற சைக்கிள்காரரை ஜன்னல் வழியாகப் பார்க்கவே முடியாது. கண்ணாடியில்தான் தேட வேண்டும்.

தெரிந்தவர் யாரிடமாவது லாரி இருந்தால், நிறுத்திவைத்திருக்கும்போது இஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருமுறை ஏறி உட்கார்ந்து பாருங்கள். நண்பர் ஒருவரைச் சைக்கிளோடு இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். நீளமான பெரிய கண்ணாடியில் அவர் இருக்க மாட்டார். அதன் கீழே இருக்கிற வளைந்த கண்ணாடியில் ஒரு மூலையில், தலை பெருத்துக் கால் சிறுத்து, கோணலாக ஏதோ ஒன்று தெரியும். அது மனிதர் என்று உங்களுக்குப் புரிவது, அவர் அங்கே நிற்கிறார் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான். அடுத்து அவரை பம்பருக்கு முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள். முன்கண்ணாடி வழியாக அவருடைய தலைமுடிகூடத் தெரியாத லாரிகள் உண்டு. ஒவ்வோர் அடியாக முன்னே நடக்கச் சொல்லி, அவருடைய நெஞ்சு வரை தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். பிறகு இறங்கிப் போய் அந்தத் தூரத்தைக் காலால் அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு எந்த லாரிக்கு முன்னாலும் நெருக்கிக்கொண்டு நிற்க உங்களுக்கு மனம் வராது.

லண்டன் மாநகரக் காவல்துறை இதையே ஒரு நிகழ்ச்சியாக நடத்திவந்திருக்கிறது. தெருவில் லாரியை நிறுத்தி, சைக்கிள் ஓட்டுகிறவர்களை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்காரவைத்துக் காட்டுவார்கள். எத்தனை அறிவுரை சொன்னாலும் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது என்பது என் எண்ணம். அதே நகரத்தில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவரின் கண்ணுக்கு நேராக எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து நட்சத்திர மதிப்பீடு தருகிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து மூன்று நட்சத்திரமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கேமரா, சென்சார் போன்ற கூடுதல் கருவிகளைப் பொருத்தியிருக்க வேண்டும். கண்ணாடி வழியாகத் தெரிவதும் கண்ணால் நேராகத் தெரிவதும் ஒன்றல்ல என்பதை ஒரு நகரமே சட்டமாக ஏற்றுக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

‘டிரைவரின் முகம் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை’ என்று சொல்வார்கள். சரியான பேச்சு. ஆனால் பலர் இதைத் தலைகீழாகவும் நம்பிவிடுகிறார்கள்: முகம் தெரிகிறது, அதனால் அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று. அப்படி இல்லை. இப்போதைய பெரிய லாரிகள் பலவற்றில் ஆறு கண்ணாடிகள் இருக்கும். அத்தனையையும் ஒரு சுற்று பார்த்து முடிப்பதற்குள் முதல் கண்ணாடியில் பார்த்தது பழசாகிவிடும். இடப்பக்கம் காலியாக இருக்கிறது என்று அவர் பார்த்து முடித்த அடுத்த நொடியில் நீங்கள் அங்கே நுழைந்திருக்கலாம். பக்கத்தில் கிளீனர் இருந்தால் எட்டிப் பார்த்துச் சொல்லுவார், கதவைத் தட்டி நிறுத்துவார். ஆனால் எல்லா வண்டியிலும் ஆள் இருப்பதில்லை. டிரைவரின் கண் உங்கள் கண்ணைச் சந்தித்து, அவர் தலையசைத்தால் மட்டும் பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரம் உள்ளே வாங்கும்

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி ஆபத்து குறைந்த மாதிரி. எந்த வண்டியும் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலேயே போகாது. வளைவின் உள்பக்கமாக ஒதுங்கித்தான் போகும். ‘பின்னால் உள்ளே வாங்கும்’ என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான். சைக்கிளில் இது சில அங்குலம், கண்ணில் படாது. லாரியில் அப்படியில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஐந்தரை மீட்டர் இருக்கிற லாரி, 10 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் முன்சக்கரத்தை விட ஏறத்தாழ 1.6 மீட்டர் உள்ளே வரும். டிரெய்லர் என்றால் இன்னும் அதிகம்.

சைக்கிள் ஹேண்டிலின் அகலம் முக்கால் மீட்டர்கூட இருக்காது. முனையில் திரும்புகிற லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று தோன்றும். லாரி நகர நகர அந்த ஒன்றரை மீட்டர் முழுவதும் காணாமல் போகும். முன்சக்கரம் உங்களைத் தொடாமல் தாண்டிப் போயிருக்கும். ‘தப்பித்தோம்’ என்று நினைக்கிற நேரத்தில்தான் பின்சக்கரம் வருகிறது.

லாரிகள் அடிக்கடி திரும்புகிற முனையில் நின்று நடைபாதையின் ஓரக் கல்லைப் பாருங்கள். மூலையில் கல் உடைந்திருக்கும். மேல் விளிம்பில் டயர் ஏறி இறங்கிய கருப்புத் தடம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அதெல்லாம் பின்சக்கரத்தின் வேலை. அப்படித் தடம் இருக்கிற மூலையில் நடந்து போகும்போதுகூட இரண்டு அடி உள்ளே தள்ளி நில்லுங்கள்.

இது தெரிந்ததால்தான் டிரைவர், இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் முதலில் வலப்பக்கமாக ஒதுங்கி, அகலமாக எடுத்துப் பிறகு இடப்பக்கம் ஒடிப்பார். நீளமான வண்டிக்கு வேறு வழியில்லை. பின்னால் வருகிற சைக்கிள்காரருக்கோ லாரி வலப்பக்கம் போவது போலவும், இடப்பக்கம் நமக்காகவே வழி விட்டது போலவும் இருக்கும். அந்த இடைவெளிக்குள் போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் கெஞ்சிக் கேட்கிற ஒரே விஷயம் இதுதான். லாரி வலப்பக்கம் ஒதுங்கி இடப்பக்கம் இடம் விட்டால், அது இடப்பக்கம் திரும்பப் போகிறது என்றே எடுத்துக்கொண்டு பின்னாலேயே நின்றுவிடுங்கள். நேராகப் போய்விட்டால் உங்களுக்கு நஷ்டம் சில விநாடிகள்.

ஜெர்மனியில் 2020 ஏப்ரலில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டி ஊருக்குள், சைக்கிளோ பாதசாரியோ வரக்கூடிய இடத்தில், நடைபாதைப் பக்கமாகத் திரும்பும்போது நடைவேகத்தில்தான் திரும்ப வேண்டும். மணிக்கு 7 முதல் 11 கிலோமீட்டர். டிரைவர்களுக்கு எரிச்சலாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நல்ல விதி. கண்ணாடியை இன்னொரு சுற்று பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கிறது, விலகி நிற்க உங்களுக்கும் நேரம் கிடைக்கிறது.

பின்பகுதி எதிர்ப்பக்கம் வீசுவதும் உண்டு. பின்சக்கரத்துக்குப் பின்னால் பாடி நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால், லாரி இடப்பக்கம் ஒடிக்கும்போது அதன் வலது பின்மூலை வலப்பக்கமாக வெளியே வரும். கம்பியோ குழாயோ ஏற்றி, அது பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் இந்த வீச்சு இன்னும் மோசம், அதுவும் உங்கள் முக உயரத்தில். திரும்புகிற லாரியை வலப்பக்கம் ஒட்டிக் கடக்கவும் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

சிக்னலில்

சிவப்பு விழுந்திருக்கிறது. வரிசையில் முதல் வண்டி லாரி. அதன் இடப்பக்கம் உங்களுக்குப் போதுமான வழி இருக்கிறது. போகலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரியின் நீளம் 12 மீட்டர். அந்த நெருக்கடியில் யாரும் வேகமாக மிதிக்க முடியாது; மணிக்கு 7 கிலோமீட்டர் போனால் பெரிது. முனையிலிருந்து முனைக்குப் போக 6 விநாடி ஆகும். 16 மீட்டர் டிரெய்லர் என்றால் 8 விநாடி. அந்த 6, 8 விநாடிக்குள் சிக்னல் பச்சையாகாது என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா? சிக்னலில் விநாடி எண் ஓடினாலொழிய முடியாது. பச்சை விழும்போது நீங்கள் லாரியின் நடுவயிற்றுக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். ஒருபக்கம் நடைபாதையின் இரும்புக் கம்பி வேலி, மறுபக்கம் சக்கரம்.

அதனால் என் வழக்கம் இது. லாரி எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டதென்றால் நான் பின்னாலேயே நிற்பேன். ஓரமாக நிற்க மாட்டேன். பாதையின் நடுவே, லாரியின் பின்பக்கத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, சற்று வலப்பக்கமாக, டிரைவரின் வலது கண்ணாடி என் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பேன். நடுவில் நிற்பதால் எனக்குப் பின்னால் வருகிற கார் என்னைத் தாண்டி நுழைந்து என்னை லாரிப் பக்கம் ஒதுக்க முடியாது. தள்ளி நிற்பதற்குக் காரணம், ஏற்றத்தில் லாரி கிளம்பும்போது கொஞ்சம் பின்வாங்கலாம். புகையும் முகத்தில் அடிக்காது.

நான் முதலில் வந்து நின்றிருக்கிறேன், பிறகு லாரி வந்து பின்னால் நிற்கிறது என்றால் கதை வேறு. அப்போது திரும்பிப் பார்ப்பேன். டிரைவரின் முகம் முன்கண்ணாடியில் முழுதாகத் தெரிய வேண்டும். பம்பரும் அதன் மேல் இருக்கிற பெயர்ப் பலகையும் மட்டும் தெரிந்தால் நான் மிக நெருக்கத்தில் இருக்கிறேன் என்று பொருள். குறுக்கே வருகிற வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல், நிற்கிற கோட்டைத் தாண்டி நாலைந்து மீட்டர் முன்னால் போக முடிந்தால் போவேன். முடியாவிட்டால் இறங்கி, சைக்கிளைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டு லாரி போகட்டும் என்று நிற்பேன். பச்சைக்கு முன்பே கியரை இலகுவாக்கி, பெடலை மேலே தூக்கி வைத்துக்கொள்வது முக்கியம். கிளம்பும்போது பெடல் தடுமாறி லாரிக்கு முன்னால் சரிவதுதான் இந்த இடத்தின் பெரிய ஆபத்து.

சில நகரங்களில் கார்களுக்கு முன்னால் சைக்கிள் நிற்பதற்கென்று தனிப் பெட்டி வரைந்திருப்பார்கள். அதில் ஏற்கெனவே இருந்தால் நல்லது. அதைப் பிடிப்பதற்காக லாரியின் பக்கவாட்டில் நுழைந்து போகாதீர்கள். பெட்டிக்குப் போகிற ஓரப் பாதையைத் தரையில் வரைந்திருப்பதே அந்த நேரத்தில் போகலாம் என்பதற்கு அனுமதி ஆகாது.

திரும்பப் போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

இண்டிகேட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பின்னால் இருக்கிற விளக்கு சேறு படிந்து மங்கியிருக்கும். நீங்கள் பக்கவாட்டுக்கு வந்துவிட்டால் அது தெரியவும் தெரியாது. வேறு அறிகுறிகள் இருக்கின்றன. முனைக்கு முன்னால், காரணம் இல்லாமல் வேகம் குறைகிறதா? புஸ்ஸென்று ஏர் பிரேக் காற்று விடுகிற சத்தம் கேட்கிறதா? கியரைக் குறைக்கும்போது இஞ்சினின் சத்தம் மாறுகிறதா? வண்டி பாதைக் கோட்டிலிருந்து வலப்பக்கம் மெல்ல விலகுகிறதா? இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் போதும், திரும்பப் போகிறது.

சத்தத்தை வைத்துத்தான் பாதி விஷயம் தெரிகிறது. காதில் இயர்போனோடு லாரி ஓடுகிற சாலையில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். இரண்டு காதையும் திறந்து வையுங்கள்.

வண்டியின் வகையையும் கவனியுங்கள். கட்டட வேலைக்கு மண், ஜல்லி ஏற்றுகிற டிப்பரும் கான்கிரீட் கலக்குகிற வண்டியும் சேஸ் உயரமாக இருப்பவை. டிரைவர் இன்னும் மேலே உட்கார்ந்திருப்பார், சக்கரங்களுக்கு நடுவே திறந்த வெளி அதிகம். குப்பை வண்டி எங்கே நிற்கும், எப்போது ரிவர்ஸ் எடுக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் ஆட்கள் இறங்கி ஏறுவார்கள். கன்டெய்னர் டிரெய்லர் திரும்பும்போது தலை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமும் இருக்கும். அந்த நேரத்தில் வலது கண்ணாடியில் டிரெய்லரின் பின்பகுதி தெரியவே தெரியாது. தண்ணீர் லாரியில் தொட்டி பாதி நிரம்பியிருந்தால் பிரேக் போட்டபின்னும் தண்ணீர் அலைந்து வண்டியை முன்னே தள்ளும். அதற்கு முன்னால் குறுக்கே நுழையாதீர்கள்.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பக்கவாட்டில் தடுப்புக் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்தவர் சக்கரத்துக்குள் போய்விடாமல் வெளியே தள்ளிவிடுவதற்கானது அது. லண்டனில் 2015 செப்டம்பரிலிருந்து மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் அது இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். தடுப்பு இல்லாத லாரி உலகம் முழுக்க எவ்வளவோ ஓடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்பனைக்கு வருகிற புது லாரிகளில் பக்கத்தில் சைக்கிள் இருந்தால் டிரைவரை எச்சரிக்கிற கருவி கட்டாயம். பிரான்சில் 2021 ஜனவரி முதல், டிரைவருக்குத் தெரியாத இடங்களைக் காட்டும் ஸ்டிக்கரைப் பக்கங்களிலும் பின்னாலும் ஒட்ட வேண்டும். இதெல்லாம் வரட்டும், வர வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற லாரி எந்த வருஷத்து வண்டி என்று உங்களுக்குத் தெரியாது. கருவி இல்லை என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

ஓடுகிற லாரி உங்களைத் தாண்டும்போது

ஓரத்தை ஒட்டி, மண்ணும் சாக்கடை மூடியும் இருக்கிற கடைசி ஓர் அடியில் ஓட்டாதீர்கள். ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி ஓட்டுங்கள். பயத்தில் ஓரத்துக்குப் போனால் ‘போதுமான இடம் இருக்கிறது’ என்று பின்னால் வருகிறவருக்குத் தோன்றும், உரசிக்கொண்டு தாண்டுவார். உங்களுக்கோ ஒதுங்க இடமே மிச்சம் இருக்காது. குறுகலான சாலையில், தாண்ட முடியாத இடத்தில், பாதையின் நடுவிலேயே போங்கள். இடம் அகன்றதும் ஒதுங்கிக் கையைக் காட்டி வழி விடுங்கள். அந்தக் கைக்கு டிரைவர்கள் மதிப்புத் தருவார்கள், நானும் தந்திருக்கிறேன்.

லாரி பக்கத்தில் வந்ததும் திரும்பிப் பார்க்க வேண்டாம். தலை திரும்பினால் ஹேண்டிலும் திரும்பும். இரண்டு கையும் ஹேண்டிலில், முழங்கை சற்று மடங்கியிருக்கட்டும், பார்வை முன்னால். மிதிப்பதை நிறுத்திவிட்டு மெல்ல வேகத்தைக் குறையுங்கள். லாரி சீக்கிரம் தாண்டிவிடும். வண்டியின் முகப்பு வரும்போது காற்று உங்களை வெளியே தள்ளும். பின்பகுதி தாண்டும்போது உள்ளே இழுப்பது போல இருக்கும். லாரி தாண்டிவிட்டது என்று உடனே வலப்பக்கம் வராதீர்கள்: பின்னால் இன்னொன்று இருக்கலாம், டிரெய்லரின் இரண்டாம் பகுதி இருக்கலாம்.

நிறுத்தியிருக்கிற காரைச் சுற்றிப் போக வேண்டியிருந்தால், காருக்கு வெகு முன்பே திரும்பிப் பார்த்து வெளியே வந்துவிடுங்கள். கடைசி நொடியில் வெட்டி வெளியே வருவதையும், திடீரென்று கார்க் கதவு திறந்து ஒதுங்குவதையும் பின்னால் வருகிற லாரியால் தாங்க முடியாது. லோடு ஏற்றிய லாரியில் பிரேக் மிதித்த பிறகு காற்று போய்ச் சக்கரத்தைப் பிடிக்கவே கொஞ்சம் நேரம் எடுக்கும். கார் நிற்கிற தூரத்தில் அது நிற்காது.

லாரியின் பின்னால் காற்றுக்கு மறைவாக ஒட்டிக்கொண்டு போவதும், பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போவதும் பையன்கள் செய்கிற வேலை. பார்த்தால் நிறுத்திச் சொல்லுங்கள். சாலையில் பள்ளம் வந்தால் லாரி இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுத் தாண்டிப் போகும். பின்னால் வருகிறவருக்கு அந்தப் பள்ளம் நேராக முன்சக்கரத்தில்தான் தெரியும்.

மழையிலும் இருட்டிலும் கண்ணாடியில் நீர்த்துளி நிற்பதால் டிரைவருக்கு விளக்குகள் எல்லாம் கரைந்து ஒன்றாகிவிடும். முன்னும் பின்னும் விளக்கு, பெடலில் பிரதிபலிப்பான், மேலே வெளிர் சட்டை எல்லாம் வேண்டும். தூரத்திலிருந்து உங்களைக் காட்டுவதற்கு அவை உதவும். பக்கவாட்டில் மறைவிடத்துக்குள் போய்விட்ட பிறகு எந்தச் சட்டையும் உதவாது.

சிக்கிக்கொண்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும், நீங்கள் நின்றிருக்கிற இடத்துக்கே லாரி வந்து பக்கத்தில் அணைத்துவிடுவதுண்டு. லாரி நெருங்குவதாகத் தோன்றிய உடனே முடிவெடுங்கள். முந்திப் போக மிதிக்காதீர்கள். பின்சக்கரத்தோடு போட்டியில் நீங்கள் ஜெயிக்க முடியாது. பிரேக் பிடித்து நின்று, லாரி முன்னே போக விடுங்கள். அதற்கும் இடமில்லை என்றால் சைக்கிளை விட்டுவிடுங்கள். நடைபாதைப் பக்கம் காலை எடுத்து வைத்து ஏறுங்கள். வேலி இருந்தால் வேலியைப் பிடித்துக்கொண்டு முதுகை அதோடு ஒட்டி, ஏற முடிந்தால் ஏறிவிடுங்கள். சைக்கிளைக் காப்பாற்ற இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அது போகட்டும்.

கத்துங்கள், நன்றாகக் கத்துங்கள். இஞ்சின் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்காவிட்டாலும் சாலையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். அவர்கள் முன்னால் ஓடிக் கையைக் காட்டினால் அவர் நிறுத்துவார். லாரியின் பக்கவாட்டில் கையால் தட்டுவதானால் கேபினின் கதவருகே இருந்தால் மட்டும் தட்டுங்கள். பின்னால் பாடியில் தட்டுவது அவர் காதுக்குப் போகாது. கீழே விழுந்துவிட்டால் சக்கரத்திலிருந்து விலகி, நடைபாதைப் பக்கம் உருளுங்கள். லாரி நின்ற பிறகு, வண்டிக்கு அடியில் யாராவது இருந்தால், டிரைவரை முன்னாலோ பின்னாலோ நகர்த்தச் சொல்லாதீர்கள். இஞ்சினை அணைக்கச் சொல்லி, கைபிரேக் போடச் சொல்லி, அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.